நீலமணி மாலையும் உன் அப்பாவின் கட்டைவிரலும்

அன்பு மகளுக்கு, மூவுலகிலும் இரண்டாவது சிறந்த சித்தப்பா (முதல் இடம் காலியாக இருக்கிறது, தகுதியானவர் கிடைக்கவில்லை) எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் நலம், உன் அப்பாவின் வலது கட்டைவிரலைத் தவிர. அங்கே உன் பத்து விரல்களும் நலமாக இருக்கின்றனவா என்று எழுது.

நீ உன் அம்மாவுக்குச் செய்து அனுப்பிய நீலமணி மாலை அறுந்துவிட்டது. அறுத்தவர் உன் அப்பா. அம்மா தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், மாலை தொங்கிய ஆணியிலேயே ஒயர் தொங்கும் தன் டெஸ்ட் பல்பையும் மாட்டிவிட்டு அவசரத்தில் இழுத்திருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்த அந்த மாபெரும் எலக்ட்ரீஷியன் கட்டிலுக்கடியில் தலையை விட்டுக்கொண்டு மணி பொறுக்கிக்கொண்டிருந்தார். மகளுக்கே ஒரு போன் போட்டுக் கேளேன் அண்ணா என்றேன். "கம்பி விஷயத்துல அவகிட்ட நான் கேக்கணுமா"ன்னு ஒரு முறைப்பு. மணியும் கம்பியும் கோத்து நகை செய்யப்போகிறேன் என்று நீ வங்கி வேலையை விட்ட அன்று, கம்பி வளைச்சு என்னத்தக் கிழிக்கப் போறா என்று சொன்ன வாயல்லவா, அது எப்படிக் கேட்கும். அன்றிலிருந்து நீ கூப்பிட்டால் "அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பதற்கு மேல் உன்னிடம் ஒரு சொல் பேசாதவர், பேசாமலே மாலையைச் சரிசெய்து உன் அம்மா வருவதற்குள் ஆணியில் மாட்டிவிடலாம் என்று கிளம்பிவிட்டார்.

வயரிங்கில் மிச்சமான செம்புக் கம்பியின் தோலை உரித்து ஆரம்பித்தார். முதலில் மணியோடு மணியை இணைக்கும் வளையத்தை இரண்டு பக்கமும் பிடித்து, பல் டாக்டரிடம் வாயைத் திறப்பதுபோல் அகலமாக இழுத்துத் திறந்தார். மூடியபோது அது வளையமாக இல்லை, கோழிமுட்டையாக இருந்தது. மறுபடி திறந்தார், மறுபடி மூடினார், கம்பி களைத்துப்போய் ஒடிந்துவிட்டது. அடுத்தது கட்டிங் பிளேயர். அதன் பல் பட்டு, ஒரு எலிக்கூட்டமே விருந்து சாப்பிட்டதுபோல் கம்பி முழுக்கத் தழும்பு. கட்டைவிரல் காயம்பட்டதும் அந்தப் போரில்தான். பிறகு ஆளையே காணோம். தேடினால் குளியலறைக்குள் தாழ்ப்பாள், உள்ளே சன்னமாக உன் குரல். நீ வீடியோவில் சொல்லிக்கொடுக்கிறாயே, "வளையத்த விரிக்காதீங்க, கதவு திறக்கிற மாதிரி ஒரு நுனிய முன்பக்கமா திருப்புங்க, அதே வழியில திரும்ப மூடுங்க" என்று, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார். புரியாமல்தான் அத்தனை முறை கேட்டார் என்று நான் நம்பவில்லை. வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல், குழாயில தண்ணி சரியா வரலடா என்றார்.

அதன்பின் நீ விட்டுப்போன உருண்டை மூக்குக் குறடைத் தேடி எடுத்து, மணிக்கு மேலே கம்பியை வளைத்து, வளையம் போட்டு, மிச்ச வாலை அதன் கழுத்தில் நெருக்கமாகச் சுற்றினார். அட, இது நாம வயர்ல போடற ஜாயின்ட்டுதானடா என்று என்னை உலுக்கிய உலுக்கில் பக்கத்துத் தெருவில் பாத்திரங்கள் உருண்டிருக்கும். எல்லாம் சரி, வெட்டிய நுனி மட்டும் முள்ளாய் நீட்டிக்கொண்டு நின்றது. பெரியவர் யோசித்து அதன்மேல் சிவப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டார். உன் அம்மா வந்து பார்த்து, இதென்னங்க டேப்பு என்று கேட்க, "கரன்ட் அடிக்காம இருக்க" என்றார். அண்ணி சிரிக்காமல் அப்படியே போட்டுக்கொண்டார். இப்போது அதையேதான் போட்டுக்கொண்டு அலுவலகம் போகிறார், கழற்ற மறுக்கிறார், டேப்பையும் மீறி நுனி குத்திப் பிடரியில் ஒரு சிவப்புக் கோடு.

அந்தக் கோடுதான் அவரை ஆட்டிவிட்டது. நேற்று என்னிடம் வந்து, நுனிய எப்படி உள்ள அமுக்கறதுன்னு அவகிட்ட நீ கேக்கற மாதிரி கேளேன், என் பேரைச் சொல்லாத என்றார். சரி என்று சத்தியம் செய்தேன், அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். பதிலை எனக்கு எழுதாதே மகளே, என் ஞாபகசக்தி உலகப் புகழ் பெற்றது, உறையைப் பிரிப்பதற்குள் மறந்துவிடும். அவருக்கே போன் போடு. வழக்கம்போல் அம்மாகிட்ட குடுக்கறேன் என்பார். அதற்குள் முந்திக்கொண்டு, கம்பி நுனி குத்துதாப்பா என்று கேட்டுவிடு. அப்புறம் அவர் போனைக் கொடுக்கிறாரா பார், கொடுத்தால் என் மீசையை எடுத்துவிடுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, குனிந்தே உட்கார்ந்து கழுத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, மகாராணியாய் நீடூழி வாழ்க. ஒன்று மறக்காதே. மாலையில் ஒரு நீலமணி மட்டும் குறைகிறது. உன் அப்பா தினமும் கட்டிலை நகர்த்தித் தேடுகிறார். தபாலில் அனுப்பாதே, தொலைந்துபோகும், நீயே கையோடு கொண்டுவந்து கோத்துக் கொடு. காணாமல்போன மணி எங்கே என்று மட்டும் என் சட்டைப்பையைக் கேட்காதே.

இப்படிக்கு,
மீசையைப் பணயம் வைத்திருக்கும் உன் சித்தப்பா