ஏழு நட்சத்திரமும் நல்ல தண்ணீரும்

ஆகஸ்ட் 3, திங்கள்
காலையிலிருந்தே தூறல். ஜெலுத்தோங் கரையோரம் ஒரே சேறு. சம்பான் படகுக்காரரைக் கெஞ்சி, ஆழத்துக்குப் போய் இரண்டு மண்ணெண்ணெய் டின் கடல்நீர். தோள் கழன்றுவிட்டது.

தொட்டியில் ஏழும் நலம். வெள்ளைக்கார டாக்டர் துரை சிங்கப்பூர் போகும்போது என்னிடம் விட்டுப்போன நட்சத்திர மீன்கள். பேருக்குத்தான் மீன். காசு அளவு உடம்பு, சுற்றிலும் பாம்பு வால் மாதிரி ஐந்து கைகள். சற்று அழுத்திப் பிடித்தால் ஒடிந்துவிடும். என் மனைவி ஆரோக்கியத்துக்கு இன்னமும் பூரான்தான்.

தீனி: இறால், கடுகளவு நறுக்கி. கல்லடியிலிருந்து ஒரு கை மட்டும் நீளும். சுருட்டி உள்ளே இழுத்துக்கொள்ளும். மிச்சத்தை உடனே எடுக்க. இல்லாவிட்டால் நாறும்.

துரை வெள்ளிக்கிழமை வருகிறார். உயிரோடு ஒப்படைத்தால் அவருடைய தொட்டி அறையில் எனக்கு வேலை. இல்லையென்றால் கப்பல். ஆபீசில் ஆள் குறைத்ததில் எனக்கு வேலை போய் நாலு மாதம். ஊருக்குத் திருப்பி அனுப்பும் பட்டியலில் என் பெயர். ஆரோக்கியம் பினாங்கிலேயே பிறந்தவள். அவளுக்கு எது ஊர்?

ஆக. 5, புதன்
நல்ல வெயில். பட்டியல் விஷயமாக அழைப்பு. கிளம்பும் அவசரத்தில், தொட்டியில் பாதியை இறைத்துவிட்டு நல்ல தண்ணீர் ஊற்று என்று ஆரோக்கியத்திடம் சொன்னேன். டின்னில் இருப்பதைத்தான் சொன்னேன்.

திரும்பி வந்தால் டின் இரண்டும் மூடியபடி. தொட்டியில் கைகள் துண்டு துண்டாக.

“நல்ல தண்ணின்னுதானே சொன்னீங்க. பைப்புல புடிச்சு ஊத்துனேன்.”

குடிக்கிற தண்ணீருக்கு வேறென்ன பெயர் சொல்கிறோம்? ஆனாலும் கத்தினேன். காதால் கேட்கக் கூடாத வசவெல்லாம் அவள் என்னிடம் வாங்கினாள். பிழை என் வாயில்தான். அதை மட்டும் சொல்லவில்லை.

உயிர் இருந்த மூன்றைக் கடல்நீரில் விட்டேன்.

ஆக. 6, வியாழன்
இன்னொன்றும் போயிற்று. மிச்சம் இரண்டு. பெரியதற்கு மூன்று கை, சின்னதற்கு ஒன்றரை.

இறால் - தொடவில்லை. நண்டுச் சதை - தொடவில்லை. மட்டி - இல்லை. மாதாவிடம் பூரானுக்காக மன்றாடிய முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

பக்கத்து வீட்டில் யாரோ: “பூச்சி செத்ததுக்கு அழுவுறாருலா.”

சாயங்காலம் பெரியது ஒரு கையை நீட்டி இறாலை எடுத்தது. உண்மையாகவே அழுதுவிட்டேன்.

ஆக. 7, வெள்ளி
புழுக்கம். பத்து மணிக்குத் துரை வந்தார். தொட்டியைப் பார்த்தார், பிறகு எங்களை. தண்ணீர் மாற்றியது யார் என்று மலாயில் கேட்டார். என் சொல்தான் கொன்றது என்று சொல்ல வாயெடுத்தேன். கப்பல் கண்ணில் நின்றது.

“சாய, துவான்,” என்றாள் ஆரோக்கியம். நான்தான், துரை.

தலையைக் குனிந்துகொண்டேன்.

இரண்டையாவது காப்பாற்றினாயே, திங்கட்கிழமை வேலைக்கு வா என்றார். இந்த மாதிரி ஒன்றும் தெரியாத பெண்பிள்ளையை இனித் தொட்டிப் பக்கம் விடாதே என்றார். அதற்கும் எஸ் சார் என்றேன்.

அவர் போனதும் ஆரோக்கியம் தட்டு வைத்தாள்.

“வேல கெடச்சிருச்சுல்ல. சாப்புடுங்க.”

சாப்பிட்டேன்.