'ஆம்' என்று எழுதிய பலகை

அன்புள்ள கஜந்திக்கு,

நீயும் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. ஃபோன் கமரா சரியில்லை. கொஞ்ச நாளைக்கு வீடியோ கோல் எடுக்காதே.

பிளாக்டவுனில் எங்கள் வீதி வீடுகளை இடித்து மாடிக்குடியிருப்புக் கட்டலாமா என்று மாநிலத் தேர்தலோடு ஒரு வாக்கெடுப்பும் நடந்தது. எனக்கு அறை தந்த இரத்தினசிங்கம் அங்கிள் காணியை விற்கக் காத்திருப்பவர். "தம்பி, இந்த 'ஆம்' பலகையைப் பிடிச்சுக்கொண்டு பள்ளிக்கூட வாசல்ல நில்லும்," என்றார். தற்காலிக விசாக்காரனுக்கு வாக்கு ஏது? அவர் சொல்லைத் தட்ட முடியாமல் நின்றேன்.

எதிர்ப்பக்கத்து வெள்ளைக்காரன் ஒருவன், "என்ர வீட்டை இடிக்கவா நிக்கிறாய்?" என்று ஆங்கிலத்தில் கத்தி, பலகையைப் பறித்து என் வாயிலேயே அடித்தான். விழுந்த பிறகும் விலாவில் உதைத்தான். விட்டேனா? காலைப் பிடித்து இழுத்து விழுத்தி, மூக்கு உடையும்வரை குத்தினேன். "பொலிஸ் வருது, விசா போயிடும், ஓடும்!" என்று அங்கிள் கத்தினார். ஓடிவிட்டேன். பயப்படாதே, யாரும் தேடி வரவில்லை.

இம்முறை பார்சலில் முறுக்கு வேண்டாம். ஒடியல் மா போதும், கூழாகக் குடிக்கலாம். மகள் பாடுவதைப் பதிந்து அனுப்பு. அறையில் ஒரு சத்தமும் இல்லை.

'ஆம்' வென்றுவிட்டது. அங்கிள் லட்டுத் தந்தார், கடிக்க முடியவில்லை. "வீட்டை இடிக்கப் போறாங்கள், வேற அறை பாரும் தம்பி," என்றார்.

வேலைக்கு நேரமாகிறது. பார்சலை எங்கே அனுப்புவதென்று பிறகு சொல்கிறேன். இந்த விலாசத்துக்கு இனி அனுப்பாதே.

உன்,
அனோஜன்