பசிக்காத வண்டுகள்

மார்ச் 3, காலை
ஊசிப்பாறை தைலமரத் தோட்டம், ஆய்வுக்கூடம். எழுதுவது பவுலின், பூச்சியியல். வானம் தெளிவு. காற்று மேற்கிலிருந்து.
போன வருஷம் இலைதின்னி வண்டுகள் மொட்டையடித்த சரிவில் எங்கள் புதிய ரகம் ஆளுயரம் தாண்டிவிட்டது. சோதனைக்காக வண்டுகளைக் கொண்டுவந்து விட்டோம். முதலில் கடித்தன. கடிபட்டதும் மரம் ஒரு வாடையை விடுகிறது. பக்கத்து மரங்களும் அதை முகர்ந்து, தாங்களும் அதே வாடையை விடத் தொடங்குகின்றன. இன்று புதுக் கடி எங்குமே இல்லை. எதிர்ப்புத்திறன்: நன்று.

மார்ச் 6, மாலை
வண்டுகள் சாகவில்லை. பறந்து போகவும் இல்லை. தளிர்மேல் உட்கார்ந்திருக்கின்றன. தொட்டால் நகர்கின்றன. பழைய ரகத்து இலையைக் கூண்டில் வைத்தேன். அதையும் தின்னவில்லை.
விஷம் என்று நினைத்திருந்தேன். விஷம் இல்லை.

மார்ச் 9, காலை
கொத்தாக உதிர்கின்றன. உள்ளே வெறும் கூடு. சுற்றிலும் இலை இருக்க, பட்டினியில் செத்திருக்கின்றன.
கம்பெனி மேலாளர் தனசீலன் போனில்: "ஒரு வண்டுகூட இல்லையாமே மேடம்! பிரமாதம். வெள்ளிக்கிழமை லாரி அனுப்புறேன். நாத்து முழுக்க ஏத்தி விடுங்க, எல்லாத் தோட்டத்துக்கும் போகணும்."
சரி என்றேன்.

மார்ச் 10, மதியம்
தோட்டக் காவலர் கருப்பணனின் வீடு மரங்களுக்கு நடுவில். அவர் மனைவி வெள்ளத்தாய் வாக்கிடாக்கியில்: "அம்மா, புள்ள நேத்துலருந்து பாலுக்கு அழுவல. மார்ல போட்டா சும்மா கெடக்கு. முழிச்சு முழிச்சுப் பாக்குது. காச்சல் இல்ல. நாங்களும் சோறு பொங்கல. ஏன்னு தெரியலம்மா, தோணவே இல்ல."
நான் கடைசியாக எப்போது சாப்பிட்டேன்? யோசிக்க வேண்டியிருந்தது.

மார்ச் 10, மாலை
இருப்பது ஒரே ஜீப். மூவரையும் கீழே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டேன். வழியெல்லாம் குழந்தைக்குப் பாலாடையில் பால் புகட்டிக்கொண்டே போகச் சொன்னேன். கருப்பணன் என்னையும் ஏறச் சொன்னார். நாற்றங்காலை விட்டு எப்படிப் போவது?
லாரி வேண்டாம் என்று தனசீலனிடம் சொன்னேன். அந்த வாடை பசியையே எடுத்துவிடுகிறது என்று காரணமும் சொன்னேன். "மேடம், நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க. லாரி வரும்."

மார்ச் 11, பகல்
நாற்றுகளைப் பிடுங்குகிறேன். எரிக்க முடியாது, புகை ஊருக்குள் இறங்கும். வேரோடு பிடுங்கிக் குழியில் போட்டு மண் தள்ளுகிறேன். பிடுங்கப் பிடுங்க வாடை ஏறுகிறது. இனிய வாடை. முகத்தில் துணி கட்டியும் நிற்கவில்லை.
கடிகாரம் பார்த்துச் சோறு விழுங்கினேன். ஈரத்துணியை மெல்வது மாதிரி. வெறுப்பில்லை. சோறு ஒரு பொருள், அவ்வளவுதான்.

மார்ச் 12
இரண்டு முறை விழுந்தேன். வலிக்கிறது, தாகம் எடுக்கிறது, பயமாக இருக்கிறது. சோறு கேட்கிற அந்த ஒன்று மட்டும் வரவில்லை.
கடைசிப் பாத்தியும் முடிந்தது. நாளை லாரி வந்தால் ஏற்ற ஒன்றுமில்லை.
இதைப் படிப்பவருக்கு: நிற்கிற மரங்களை வெட்டாதீர்கள், எரிக்காதீர்கள். வண்டு வராமல் பாருங்கள். கடிபடாத மரம் சும்மா இருக்கும்.
சோற்றுப் பானை அடுப்பில். ஏன் வைத்தேன்

மார்ச் 13
போன். கருப்பணன், ஆஸ்பத்திரியிலிருந்து. "அம்மா, கேக்குதா? புள்ள அழுவுதும்மா! வீல்வீல்னு அழுவுது! டாக்டரே சிரிக்கிறாரு. ஜீப்ப எடுத்துட்டு வந்துட்டே இருக்கேன், நீங்க பத்திரமா இருங்க. இந்தாங்க, கேளுங்க."
கேட்டேன். ரொம்ப நேரம் அழுதது. நல்ல குரல்.
எதற்கு அழுகிறது என்று கேட்டேன்.
"பசிக்குதும்மா. பசி."
மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னார். அவர் குரல் உடைந்துவிட்டது.
பசி.
பசி.
எழுத வருகிறது. என்னவென்று தெரியவில்லை.