குரைக்க ஆளில்லாத வீடு

என்னங்க,

நான் நன்றாக இருக்கிறேன். கப்பலில் உங்களுக்கு ஆயிரம் வேலை, கவலைப்படாதீர்கள்.

நம் நாய் குட்டிப்பயல் போனபின் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. இணையத்தில் நாய் வளர்ப்பவர்கள் குழுவில், நம் வாசலில் எடுத்த அவன் படத்தைப் போட்டு அழுது தீர்த்தேன். நீங்கள் கடலில் இருப்பது, பின்கதவை ஒட்டியே அவன் படுத்திருந்தது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எத்தனையோ பேர் ஆறுதல் சொன்னார்கள். ஒருவர் மட்டும், "பாவம், இனி உங்க வீட்டுக்கு யாரு வந்தாலும் குரைக்க ஆளில்லையே" என்று எழுதியிருந்தார். உடனே பதிவை நீக்கினேன்.

அதிலிருந்து பின்பக்கம் ஏதாவது சத்தம் கேட்டால், போனில் இருக்கும் அவன் குரைப்பை ஓடவிடுவேன். சிரிக்காதீர்கள், சத்தம் அடங்கியும் இருக்கிறது.

இன்று மத்தியானம் பின்கதவின் தாழ்ப்பாள் ஆடியது. குரைப்பைப் போட்டேன். ஆட்டம் நின்றது. வெளியே ஓர் ஆண்குரல், செல்லம் கொஞ்சுவதுபோல் மெதுவாகச் சொன்னது: "டேய் குட்டிப்பயலே, நீதான் செத்துட்டியேடா."

பக்கத்து வீட்டு அக்காவின் சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போலீஸ் வந்து பார்த்தது, யாருமில்லையாம். பயமெல்லாம் ஒன்றுமில்லை. லீவு கிடைக்குமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி