கெண்டி முளைக்கும் குழாய்

என் கம்ப்யூட்டர்காரப் பேத்திக்கு,

பாட்டி ஆசியோடு எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை வரவில்லை. வீட்டில் இருப்பது உன் அப்பாவின் போன்தான், அதில் பேசினால் அவன் காதில் விழும். அதனால் இதை எதிர்வீட்டுத் தையல்காரியிடம் கொடுக்கிறேன். படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள். படித்துவிட்டு அவனிடம் வாய்விடாதே.

நீ அனுப்பிய புதுக் கம்ப்யூட்டர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. தெருவையே கூட்டிவந்து காட்டினேன். "எம் பேத்தி அனுப்புனது. இதுக்குள்ள என்ன ஓடுதுன்னு அவளுக்குத் தலைகீழாத் தெரியும்" என்று சொன்னதில் தையல்காரிக்கே காது புளித்துவிட்டது. பழையதை உன் அப்பா அன்றைக்கே பழைய சாமான்காரனிடம் தள்ளிவிட்டான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

தாத்தா குடிநீர்க் குழாய் பதித்த மேஸ்திரி. நினைவு தப்ப ஆரம்பித்த பிறகு அவரை ஓரிடத்தில் உட்காரவைத்தது அந்தப் பழைய பெட்டிதான். தொடாமல் விட்டால் திரையில் தானாகக் குழாய் வளருமே, அந்த ஸ்கிரீன் சேவர். குழாய் வளைகிற இடத்தில் "அங்க எல்போ போடுடா... ஆங், போட்டுட்டான்" என்று வேலை வாங்குவார். திரை நிறைந்து அழிந்தால், "லைன் முடிஞ்சுது, அடுத்த தெருவுக்கு நடங்க" என்பார். எப்போதாவது ஒரு மூட்டில் டீக்கெண்டி ஒன்று முளைக்கும். "எவன்டா இந்தக் கிறுக்கன்!" என்று குலுங்கிச் சிரிப்பார். அந்த நேரத்தில்தான் நான் குளிப்பது, சமைப்பது எல்லாம்.

புதுப் பெட்டியைச் சும்மா விட்டால் திரை கறுத்துப்போகிறது. "தண்ணி நின்னுபோச்சு" என்று வாசலுக்குக் கிளம்பிவிடுகிறார். கம்ப்யூட்டர் கடைத் தம்பியை வரவழைத்தேன். "இப்பல்லாம் யாரு பாட்டி இதப் போடுறா?" என்று இழுத்தான். நான் விடவில்லை. எங்கேயோ தேடி ஏற்றினான். அதே குழாய்கள்தான். ஆனால் புதுப் பெட்டிக்கு வேகம் அதிகமாம். கண் மூடித் திறப்பதற்குள் திரை முழுக்கப் பாய்ந்து, அழிந்து, மறுபடி பாய்ந்தது. "பாத்தீங்களா, பறக்குது!" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

தாத்தா முகம் வெளுத்துவிட்டது. "பிரஷர் ஏறுது, வால்வை மூடுங்கடா, உள்ள ஆளு இருக்கான்!" என்று கத்திக்கொண்டு ஸ்பேனரோடு ஓடினார். எந்தக் காலத்துக் குழியில் எந்த ஆளை நினைத்தாரோ. எனக்கு முழங்கால் மக்கர் பண்ணியது. தெருமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் வால்வுக் குழியின் மூடியை நெம்பி, தலைகீழாகப் பாதி உடம்பை உள்ளே விட்டிருந்தார். வேலை முடிந்து வந்த உன் அப்பாதான் இடுப்பைப் பிடித்து இழுத்தான்.

அவனைக் கோபித்துக்கொள்ளாதே. தாத்தா தலையிலிருந்த சேற்றை அவனே துடைத்துவிட்டான். "இனிமே முடியாதும்மா. அவரோட சேந்து நீயும் விழுந்துருவ" என்றான். தாத்தாவைச் சேர்க்க முதியோர் இல்லத்தில் பேசி முடித்துவிட்டான். வெள்ளிக்கிழமை வண்டி வருகிறது. உன்னிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருக்கிறான்.

இப்போது திரைமேல் போர்வை போட்டிருக்கிறேன். தாத்தா அதன் எதிரே உட்கார்ந்து, "உள்ள இருந்தவன் வந்துட்டானா?" என்று கேட்டபடி இருக்கிறார். வந்துட்டான் என்கிறேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கேட்கிறார். ஸ்பேனரை என் புடவைகளுக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறேன்.

போன வருஷம் அங்கிருந்தபடியே எங்கள் பிரிண்டரைச் சரிசெய்தாயே, திரையில் அம்பு தானாக நகர்ந்ததே, அதே மாதிரி வா. வியாழக்கிழமை பகலில் உன் அப்பா வேலைக்குப் போயிருப்பான். பெட்டியை ஓடவிட்டுக் காத்திருப்பேன். அந்த வேகத்தை மட்டும் பழையபடி குறைத்துவிடு. சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழையும்போது தாத்தா உட்கார்ந்து வேலை வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கப்புறம் அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ஆகாது என்றால் மழுப்பாமல் சொல்லிவிடு. அவர் சட்டைகளை இன்னும் நான் மடிக்கவில்லை.

உன் கண்ணுக்கும் கைக்கும் ஒரு குறையும் வராது, தாயி. அந்தக் கெண்டியை மறந்துவிடாதே. குழாய் மெதுவாகவே வளரட்டும். திரை நிறைய எங்களுக்கு ஒன்றும் அவசரமில்லை.

உன் வழி பார்த்திருக்கும்
பாட்டி