பொங்கலுக்கு முன் ஒரு குப்பி, பின் ஒரு குப்பி

12-1-2007, வெள்ளி
பனி. கும்மிடிப்பூண்டி ரயில் தாமதம். ஐந்து மாத வயிறு. எழுந்து இடம் தர ஒருவருக்கும் மனசில்லை.

ஆபீஸ் அறை. மேனேஜர் (இனி மே., முழுசாக எழுதினால் மை தண்டம்) சிகரெட்டும் வாயுமாக. எதிரே என் மேஜை. ஸ்டோர்ஸ் பக்கம் சீட் மாற்றச் சொல்லி தீபாவளி போய்ப் பொங்கலே வந்துவிட்டது.

"ஜன்னல் தொறந்துதானேம்மா கீது? உனக்கு மட்டும் இன்னா பேஜாரு?"

பெரிய மனுஷன்.

சென்னையிலிருந்து மருத்துவக் குழு. பிறர் விடும் புகை நம் உடம்பில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எச்சிலை வைத்து அளப்பார்களாம். மே. கொடுத்த தேதி: பொங்கல் லீவு முடிந்த அன்று காலை.

13-1, சனி
சாயங்காலம் குப்பிகளைக் கொடுக்க அந்தக் குழுவின் லேப் மேடம் வந்தார். விசாரித்தேன். நிகோடின் உடம்புக்குள் கோடினின் ஆக மாறுமாம். எச்சிலில் தெரியும். இரண்டு மூன்று நாள் புகை படாவிட்டால் அநேகமாகப் போய்விடும். லீவோ நாலு நாள். அட, மே.வுக்கு மூளை இருக்கிறது. வேலையில்தான் காட்டுவதில்லை.

"இன்னிக்கே ஒண்ணு எடுத்துக்குங்க மேடம். லீவு முடிஞ்சும் எடுங்க. வித்தியாசம் தெரியட்டும்."

சிரித்தார். பஞ்சை வாயில் ஊறவைத்துக் குப்பியில் போட்டாயிற்று.

"உங்க ஊட்ல யார்னா புடிப்பாங்களா?"

"இல்ல மேடம். ஊட்டுக்காரரு திருத்தணில கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணி உட்டுட்டாரு."

மே. காதில் விழட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

16-1, செவ்வாய்
மாட்டுப் பொங்கல். வெல்லம் தீர்ந்தது. கேஸ் புக் பண்ண வேண்டும். இவர் லீவு முழுக்க வீட்டோடு. கால் பிடித்துவிட்டார். மத்தியானம் நல்ல தூக்கம். சிகரெட் நாற்றம்தான் லீவிலும் போகவில்லை. புடவையில் ஏறிய மே. புகை. எல்லாவற்றையும் ஊறப் போட்டேன். அந்த ஜந்துவைக் கட்டிக்கொண்டவள் பாவம்.

18-1, வியாழன்
இரண்டாவது குப்பி. பக்கத்தில் நின்று மே. இளிப்பு. இளிக்கட்டும்.

2-2, வெள்ளி
ரிசல்ட்டோடு லேப் மேடம் வந்தார். பொங்கலுக்கு முன் எடுத்ததில் அதிகம். லீவு முடிந்து எடுத்ததில் அதைவிட அதிகம். நாலு நாளும் நான் வீட்டைத் தாண்டவில்லை.

மே. முந்திக்கொண்டார். "போகிக்கு டயர் கொளுத்துனாங்கல்ல, அந்தப் பொகையா இருக்கும் மேடம்."

என் புருஷனுக்கு வக்காலத்து. ஊதுகிறவர்களுக்குள் என்ன ஒற்றுமை.

"டயர் பொகையில இது வராது சார். பொகையிலைக்கு மட்டும்தான். லீவுக்கு முன்னாடியே அதிகமாதான் கீது, மொதல்ல இவங்க சீட்டை மாத்துங்க."

மாற்றிவிட்டார். கேட்டது கிடைத்தது. ரயிலில் அழுதேன். வயிற்றைத் தொடவே கூச்சமாக இருந்தது.

வீட்டில் இவரைக் கேட்டேன். முதலில் அதுவும் போகி என்றது. பேப்பரைக் காட்டினேன்.

"நீ தூங்குனப்புறம்தான் புடிச்சேன், உம்மேல சத்தியமா. ஒரே ரூம் ஊட்ல வேற எங்க போய்க் குந்துறது?"

தூங்கினால் மூச்சு விடமாட்டேன் என்று நினைத்திருக்கிறது.