மார்த்தாண்டம்வரை முன்சீட்

இன்று காலை உன் வேனின் பின்சக்கரத்தை மாட்டக் குனிந்தபோது என் கையில் தேங்காய் எண்ணெய் வாசம். அப்போதுதான் தலைக்குத் தேய்த்திருந்தேன். எழுந்துபோய் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிவிட்டு வந்தேன்.

வட்டக்கோட்டைப் பக்கம் வீடு வைத்தவர்கள் உப்புக்காற்றுக்குப் பயந்து கதவுக் கீல், பூட்டு, கத்தரிக்கோல் எல்லாவற்றிலும் தேங்காய் எண்ணெய் தொட்டுவைப்போம். முன்பொரு விடுமுறையில் நீ பஞ்சரான டயரோடு கொட்டாரம் போயிருந்தாய். கழற்றி வைத்த ஆறு போல்ட்டுக்கும் எண்ணெய் தடவினேன். எனக்கும் ஏதோ தெரியும் என்று என் மகள் பார்க்கட்டுமே என்றுதான்.

"ஏட்டி, போல்ட்ட எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டுதியா?" என்றாய். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "எண்ணெ இருந்தா வழுக்கிட்டுப் போவும் மக்கா. ரெஞ்சு காட்டுத அளவுக்கு மேல முறுகிரும். ஒருநா ஓட்டத்துல ஒடிஞ்சிரும்."

நீங்கள் இருவரும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து துடைத்தீர்கள். நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றேன்.

பொறாமைதான். வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. கல்லூரியில் ஒரே பெஞ்சில் இருந்தோம். நீ வளைகுடாவுக்குப் போய்விட்டு வந்து, படுக்கையும் அடுப்பும் வைத்த வேனில் ஊர் சுற்றினாய். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நான் பெற்றவள் உன்னைச் சித்தி என்று கூப்பிட்டு, விடுமுறைதோறும் உன் பக்கத்து முன்சீட்டில் ஏறியதைத்தான் தாங்கமுடியவில்லை. நான் பின்னால், தண்ணீர்க் கேன் பக்கத்தில். சிரிப்பு மட்டும் கேட்கும். "என்னட்டி?" என்றால், "ஒண்ணுமில்லம்மா."

ஆஸ்பத்திரியில் கடைசி நாளில் நீ வேன் சாவியை அவள் கையில் வைத்தபோது நான் அழுதது முழுக்க உனக்காக அல்ல.

இன்று அவள் முதல்முறையாகத் தனியாக மூணாறு புறப்பட்டாள். போல்ட்டுகளைக் கையால் திருகி, எதிரெதிராகக் கொஞ்சம் இறுக்கி, ஜாக்கியை இறக்கினோம். பிறகு முறுக்கை அளக்கும் டார்க் ரெஞ்சை என்னிடம் நீட்டினாள். "கடைசி முறுக்கு நீ போடும்மா." அளவு வந்ததும் உள்ளங்கையில் 'டக்' என்றது. ஆறு டக்.

"அம்பது கிலோமீட்டர் ஓடுனதும் திரும்பப் பாக்கணும்," என்றேன்.

"சித்தி சொல்லித் தந்திருக்கா. நான் பாத்துக்கிடுதேன்."

"முறுக்குனது நான்லா? நானே பாக்கேன். மார்த்தாண்டத்துல எறங்கிருவேன்."

"திரும்ப எப்பிடி வருவ?"

"பஸ்ஸா இல்ல?"

முன்சீட்டிலிருந்த பையைத் தூக்கிப் பின்னால் போட்டாள்.

மார்த்தாண்டத்தில் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்தாள். ஆறையும் மறுபடி சோதித்தேன். ஒன்றுகூட அசையவில்லை. "சித்தி போட்ட மாதிரியே இருக்கும்மா," என்றாள். பாராட்டுதான். அதற்கும் வயிறு எரிந்தது.

இதைப் பஸ்ஸில் எழுதுகிறேன். அந்த ஐம்பது கிலோமீட்டரும் அவள் என்னோடு பேசிக்கொண்டே வந்தாள். நீ இருந்திருந்தால் அந்த சீட் எனக்குக் கிடைத்திருக்காது. அதை நினைத்து, வழியில் எங்கோ, நான் சந்தோஷப்பட்டேன். ரெஞ்சை அவளிடம் கொடுத்துவிட்டேன். இந்தச் சந்தோஷத்தைத்தான் எங்கே இறக்கிவைப்பது என்று தெரியவில்லை.